விலையில்லா மென்பொருளில் அலங்கார எழுத்தும் லோகோவும்

அலங்கார எழுத்து ஒரு வேலை. லோகோ வேறொரு வேலை. இரண்டையும் ஒரே மென்பொருளில், அதுவும் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலானோர் இலவச மென்பொருளைத் தேடத் தொடங்குகிறார்கள். கோயில் திருவிழா அழைப்பிதழின் தலைப்பு, பிறந்தநாள் வாழ்த்து, பள்ளி ஆண்டு மலரின் அட்டை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போன்றவற்றில் எழுத்து ஒரு முறை கண்ணைக் கவர்ந்தால் போதும். அடுத்த வாரம் அதை யாரும் தேடப் போவதில்லை. கடையின் லோகோ அப்படியல்ல. பில் புத்தகத்தின் மூலையில் அரை அங்குலத்திலும், பெயர்ப்பலகையில் பத்து அடியிலும், ரப்பர் ஸ்டாம்பில் ஒற்றை மையிலும் அதே முகத்தோடு அது நிற்க வேண்டும். பல ஆண்டுகள் நிற்க வேண்டும். பளபளப்பு, நிழல், புடைப்பு என்று முதல் வேலைக்கு அழகு சேர்ப்பவை எல்லாம் இரண்டாவது வேலைக்கு இடைஞ்சல்.

இந்த வேறுபாடு கோப்பின் தன்மையிலேயே தொடங்குகிறது. கணினி ஒரு வடிவத்தை இரண்டு வகையில் சேமிக்கிறது. ஒன்று பிக்சல் படம்: சிறு சிறு வண்ணக் கட்டங்களின் தொகுப்பு. ஜேபெக், பிஎன்ஜி கோப்புகள் இந்த வகை. மற்றொன்று வெக்டர்: வடிவத்தின் ஓரம் எங்கே தொடங்கி எப்படி வளைகிறது என்ற கணக்கு மட்டும். எஸ்விஜி, இபிஎஸ் கோப்புகள் இந்த வகை. பிடிஎஃப் இரண்டையும் தாங்கும். மூன்று அங்குல அகலமுள்ள லோகோவை அச்சுக்கு வழக்கமான, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அடர்த்தியில் பிக்சல் படமாக எடுத்தால் 900 பிக்சல் கிடைக்கும். அதையே 10 அடி ஃபிளெக்ஸுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு ஏழரைப் புள்ளிதான் மிஞ்சும். எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். வெக்டர் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. எந்த அளவுக்கு இழுத்தாலும் கணக்கு ஒன்றே. எனவே லோகோவுக்கு மென்பொருள் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது அதில் எத்தனை அலங்காரங்கள் உள்ளன என்பதை அல்ல, அது வெக்டரில் கோப்பு தருகிறதா என்பதைத்தான்.

தமிழில் எழுத வேண்டியவர்களுக்கு இன்னொரு சோதனை அதற்கும் முன்னால் நிற்கிறது.

தமிழைக் கோக்கத் தெரிந்த மென்பொருள்

யூனிகோடில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துகள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே எண்கள் உள்ளன. ‘கொ’ என்று தட்டச்சு செய்தால் கோப்பில் ககரமும் அதன் பின்னே ஒகரக் குறியும் பதிவாகின்றன. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ‘கு’, ‘டு’, ‘பூ’ போன்றவற்றில் குறி மெய்யோடு கலந்து புது வடிவமே எடுக்கிறது. இந்தக் கோக்கும் வேலையைச் செய்யத் தனி நிரல் வேண்டும். கட்டற்ற மென்பொருள் உலகில் அந்தப் பணியைப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பு செய்கிறது. ஜிம்ப், இங்க்ஸ்கேப் இரண்டும் பாங்கோ என்ற இடைநிலைத் தொகுப்பின் வழியாக அதைப் பயன்படுத்துகின்றன. லிப்ரே ஆபீஸ் 2017இல் வந்த 5.3ஆம் பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் அதற்கு மாறியது.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்தான் தமிழை நன்றாகக் காட்டும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உடைகிறது. அடோபியின் மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான கோக்கும் வசதி, தேடிக் கண்டுபிடித்து இயக்க வேண்டிய ஒன்றாகவே பல ஆண்டுகள் இருந்தது. அஃபினிட்டி மென்பொருளை 2025 அக்டோபரில் கேன்வா நிறுவனம் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியது. வரைகலையாளர்களுக்கு அது பெரிய செய்திதான். ஆனால் அதன் முந்தைய பதிப்புகள் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்காதவை. சோதித்துப் பார்க்காமல் தமிழ் வேலைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

சோதனை எளிது. ‘ஸ்ரீ கோமதி பூக்கடை’ என்று ஒரு வரியைத் தட்டச்சு செய்து பார்க்கலாம். ஸ்ரீ ஒரே வடிவமாகச் சேர்ந்திருக்க வேண்டும். கோவின் கொம்பு ககரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பூவின் சுழி பிரிந்து நிற்கக் கூடாது. எங்காவது புள்ளிகளாலான வட்டம் தெரிந்தால் அந்த மென்பொருளை மூடிவிடலாம். தேறிய மென்பொருளிலும் எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் கூட்டிப் பார்ப்பது நல்லது. சிலவற்றில் ‘கா’வின் கால் ககரத்தைவிட்டு விலகி, அடுத்த எழுத்தோடு உறவு கொண்டாடும்.

ஃபான்ட்வொர்க்: எளியது, அளவானது

எளிமை ஒன்றுதான் தேவை என்றால் தேடல் லிப்ரே ஆபீஸிலேயே முடிந்துவிடும். ஓப்பன் ஆபீஸிலிருந்து 2010இல் பிரிந்து வளர்ந்த இந்த அலுவலகத் தொகுப்பில், மைக்ரோசாஃப்ட் வேர்டின் வேர்ட்ஆர்ட்டுக்கு இணையான ஃபான்ட்வொர்க் உள்ளது. ‘இன்சர்ட்’ பட்டியலில் அதைத் திறந்தால் வில்லாக வளைந்தது, அலையாக நெளிந்தது, தூரத்தில் சிறுத்துப் போவது என்று மாதிரிகள் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தேர்ந்து, இரட்டைச் சொடுக்கிட்டு, அதிலுள்ள சொல்லை அழித்துத் தமிழில் எழுதலாம். நிறம், கோட்டின் தடிப்பு, முப்பரிமாணத் தடிமன் எல்லாம் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். பள்ளி அறிவிப்புக்கும் நன்றி நவிலல் அட்டைக்கும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

தமிழ் எழுதுவோர் இதில் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறார்கள். லிப்ரே ஆபீஸ் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு ஃபாண்ட்டையும், தமிழ் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு வேறொரு ஃபாண்ட்டையும் தனித்தனியாக நினைவில் வைக்கிறது. முதல் பெட்டியில் எத்தனை முறை ஃபாண்ட்டை மாற்றினாலும் தமிழ் அசையாது. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய், சிக்கலான எழுத்துமுறைக்கான வசதியை இயக்கிவிட்டு, எழுத்துரு உரையாடல் பெட்டியில் அதற்குரிய இடத்தில் ஃபாண்ட்டைத் தேர்ந்தால் மாறும். அதே தொகுப்பிலுள்ள டிரா மென்பொருளிலும் ஃபான்ட்வொர்க் உண்டு. அங்கிருந்து எஸ்விஜியாக ஏற்றுமதி செய்யலாம் என்பதால் சிறிய லோகோ வேலைக்கும் இது ஓரளவு கைகொடுக்கும். ஓரளவுதான்: மாதிரிகள் குறைவு, அவற்றின் தோற்றமும் 1990களில் வந்த வேர்ட்ஆர்ட்டின் காலத்திலேயே நின்றுவிட்டது. வில்லாக வளைந்த வானவில் எழுத்தைக் கண்டதும் எதில் செய்தது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஜிம்ப்

பளபளப்பும் நிழலும் வேண்டுவோருக்கு ஏற்ற இடம் ஜிம்ப். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995இல் தொடங்கிய மென்பொருள் இது. அதன் பழைய பதிப்புகளில் ‘லோகோஸ்’ என்று ஒரு பட்டியலே இருந்தது. சொல்லைக் கொடுத்து ஒரு பாணியைத் தேர்ந்தால் குரோமியம் பூசியது போலவோ, நியான் விளக்கு போலவோ, பனி உறைந்தது போலவோ எழுத்து வந்து நிற்கும். ஸ்கிரிப்ட்ஃபூ என்ற சிறு நிரல்கள் அந்த மாயத்தைச் செய்தன. பெயர் லோகோ என்றாலும் கிடைத்தவை எல்லாம் பிக்சல் படங்கள். தலைப்பு அலங்காரங்கள்தான், சின்னங்கள் அல்ல.

அந்தப் பட்டியலை நம்பியிருக்கத் தேவையில்லாத காலம் இப்போது வந்துவிட்டது. 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில், எழுத்தைச் சுற்றிக் கோடு போடும் வசதி எழுதும் கருவிக்குள்ளேயே வந்துள்ளது. நிழல், ஒளிர்வு போன்ற விளைவுகளை எழுத்தின் மேல் ஒரு போர்வையாக வைத்துப் பிறகு திருத்தவும் முடிகிறது. முன்பெல்லாம் நிழல் போட்ட பிறகு சொல்லில் பிழை கண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒற்றுப்பிழை மலிந்த தமிழ் விளம்பர உலகத்துக்கு இந்த ஒரு வசதிக்காகவே புதிய பதிப்பைப் பரிந்துரைக்கலாம். தங்கத் தகடு, கல்வெட்டு, மரச் செதுக்கு போன்ற தோற்றங்களுக்கு எழுத்தின் உள்ளே அந்தப் பொருளின் படத்தை நிரப்பி, ஓரத்துக்குப் புடைப்புக் கொடுப்பதே பொது வழி. ஜிம்ப்பின் முகப்பு புதியவரைச் சற்று மிரட்டும் என்பது உண்மை. விண்டோஸில் மட்டும் வேலை செய்வோர் பெயின்ட்.நெட்டில் தொடங்கலாம், இலகுவானது, காசு கேட்காதது, ஆனால் திறந்த மூல நிரல் அல்ல.

இங்க்ஸ்கேப்

லோகோவைப் பொறுத்தவரை கேள்விக்குப் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். இங்க்ஸ்கேப் 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து பிறந்தது, 1.0 என்ற எண்ணைத் தொட 2020 மே வரை காத்திருந்தது. அதன் இயல்பான கோப்பு வடிவம் எஸ்விஜி. உலகளாவிய வலைச் சங்கம் 2001இல் தரநிலையாக அறிவித்த அந்த வடிவத்தை இன்று எல்லா உலாவிகளும் படிக்கின்றன. ஆகவே இங்க்ஸ்கேப்பில் வரைந்த லோகோ அந்த மென்பொருளுக்குள் சிறைப்பட்டுக் கிடக்காது. டிடிபி மையங்களில் கோரல்டிரா செய்யும் வேலையில் பெரும்பகுதியை இது செய்யும்.

கற்க வேண்டியவை பார்வைக்கு நிறைய. லோகோவுக்குத் தேவையானவை கொஞ்சம். எழுத்துக் கருவியில் பெயரைத் தட்டச்சு செய்து ஃபாண்ட்டைத் தேர்வது முதல் படி. வட்டமாகவோ வில்லாகவோ எழுத்து ஓட வேண்டுமானால், அந்தக் கோட்டை வரைந்து, எழுத்தையும் கோட்டையும் சேர்த்துத் தேர்ந்து, ‘டெக்ஸ்ட்’ பட்டியலில் ‘புட் ஆன் பாத்’ என்பதை அழுத்தினால் போதும். சங்கங்களின் வட்ட முத்திரைகள் எல்லாம் இந்த ஒரு கட்டளையில் அடங்கிவிடும். வட்டத்தின் கீழ்ப்பகுதியில் வரும் ஊர்ப்பெயர் தலைகீழாக நின்றால், அந்த எழுத்துக்கு இன்னொரு வட்டம் வரைந்து கிடைமட்டமாகத் திருப்ப வேண்டும்.

அடுத்தது எழுத்தின் ஓரக்கோடு. திரைப்பட விளம்பரங்களில் காணும் இரட்டைக் கரை போட நினைப்போர் எழுத்துக்குத் தடித்த கோட்டைக் கொடுத்துவிட்டுத் திகைப்பார்கள். கோட்டின் பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் விழுவதால் எழுத்தின் உடல் மெலிந்துவிடும். ‘ண’வின் சுழிகளும் ‘இ’யின் வளைவுகளும் அடைபட்டுப் போகும். ‘ஃபில் அண்ட் ஸ்ட்ரோக்’ பலகத்தில் கோட்டின் வரிசையை மாற்றி, கோடு கீழேயும் நிறம் மேலேயும் வரச் செய்தால் எழுத்து தன் பருமனோடு நிற்கும். இந்தச் சின்னஞ்சிறு பொத்தான் பலர் கண்ணில் படுவதே இல்லை.

மூன்றாவது படிதான் லோகோவைத் தட்டச்சுச் சொல்லிலிருந்து பிரிக்கிறது. ‘பாத்’ பட்டியலிலுள்ள ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கட்டளை எழுத்தை வெறும் வடிவமாக மாற்றுகிறது. அச்சகத்தாரின் பேச்சில் இது ‘கர்வ் போடுவது’. கர்வ் போட்ட பிறகு பிழை திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியே சேமித்துவிட வேண்டும். அதற்கு ஈடாக, ஒவ்வொரு வளைவும் கைக்கு வந்துவிடுகிறது. ‘ழ’வின் வாலை நீட்டி அடிக்கோடாக ஓடவிடலாம், இரண்டு எழுத்துகளை ஒரே காலில் நிறுத்தலாம், புள்ளியை இலையாகவோ தீபமாகவோ மாற்றலாம். தமிழ்நாட்டின் பெயர்ப்பலகைகளில் புள்ளியை நீர்த்துளியாக்கிய குடிநீர்க் கடைகளும் பூவாக்கிய ஜவுளிக் கடைகளும் போதுமான அளவு இருக்கின்றன என்பதையும் வரைபவர் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்துக்குக் கர்வ் போடும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ‘கொ’ போன்றவை கொம்பு, மெய், கால் என்று துண்டுகளாகப் பிரிந்துவிடலாம். அவற்றைக் குழுவாகக் கட்டிவைக்காமல் நகர்த்தினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். இரண்டாவது, சில ஃபாண்ட்டுகளில், குறிப்பாக மாறும் தடிப்புள்ள ஃபாண்ட்டுகளில், எழுத்தின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். நிறம் மட்டும் இருக்கும்வரை அது தெரியாது. ஓரக்கோடு போட்டதும் எழுத்துக்குள்ளே குறுக்குக் கோடுகள் முளைக்கும். ‘யூனியன்’ கட்டளை அவற்றை ஒரே உடலாக்கிவிடும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பும் கோப்பில் இதைச் செய்யாவிட்டால் கத்தி எழுத்தின் நடுவே வெட்டிவிடும்.

அலையாக வளைப்பது, உறைக்குள் இழுத்துப் பொருத்துவது போன்ற வேலைகளுக்குப் பாத் விளைவுகள் என்ற தனிப் பகுதி இருக்கிறது. நிழல், புடைப்பு ஃபில்டர்களும் உண்டு. அந்த ஃபில்டர்களை லோகோவில் தொடாமல் விடுவது நல்லது. அவை அச்சகத்துக்குப் போகும்போது பிக்சலாக மாறிவிடும். வேறு மென்பொருளில் திறந்தால் காணாமலும் போகலாம்.

ஃபாண்ட்

மென்பொருள் எதுவானாலும் எழுத்தின் அழகில் பெரும்பங்கு ஃபாண்ட்டுக்கே. ஆங்கிலத்தில் அலங்கார ஃபாண்ட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அங்கே லோகோ செய்வது பல சமயம் ஃபாண்ட் தேர்வதோடு முடிந்துவிடுகிறது. தமிழில், உரிமப் பிரச்சினை இல்லாத யூனிகோட் அலங்கார ஃபாண்ட்டுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இருப்பவை தரமானவை. எக் டைப் குழுவின் பலூ தம்பி தடித்து உருண்டது. தின்பண்டக் கடைக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் அப்படியே பொருந்தும். அதே குழுவின் அனெக் தமிழ் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்ததுவரையும், ஒடுங்கியதிலிருந்து அகன்றதுவரையும் ஒரே கோப்பில் நகரக்கூடிய மாறும் ஃபாண்ட். நீண்ட பெயரைச் சிறிய பலகைக்குள் அடக்க அதைவிட நல்ல கருவி தமிழில் அரிது. இங்க்ஸ்கேப்பின் 1.0 பதிப்பிலிருந்து அந்த அளவுகளை நகர்த்தும் வசதியும் இருக்கிறது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன் ஒன்பது தடிப்புகளில் கிடைக்கிறது. இலங்கை எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் கவிவனார் சாய்ந்த கையெழுத்தின் சாயல் கொண்டது. அரிமா மதுரையின் முனைகளில் தூரிகையின் மென்மை தெரியும். மரபான புத்தக முகம் வேண்டுவோருக்கு டிரோ தமிழ் உண்டு.

இவை கூகுள் ஃபாண்ட்ஸ் தொகுப்பில் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் கிடைக்கின்றன. அந்த உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதில்லை. ஃபாண்ட்டை மட்டும் தனியாக விற்பதையே தடுக்கிறது. அந்த ஃபாண்ட்டில் செய்த லோகோ, செய்தவருக்கே சொந்தம். ‘ஆயிரம் தமிழ் ஃபாண்ட் இலவசம்’ என்று சுற்றிவரும் தொகுப்புகள் வேறு கதை. அவற்றில் பல, விலைக்கு விற்கப்பட்ட டிடிபி ஃபாண்ட்டுகளின் திருட்டுப் பிரதிகள். பெரும்பாலானவை யூனிகோடுக்கு முந்தைய குறியீட்டில் அமைந்தவை. பாமினி முறையிலும், தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற டாம், டாப் முறைகளிலும் அமைந்த ஃபாண்ட்டுகளில் ஆங்கில எழுத்துகளின் அல்லது பிற குறிகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும். ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் வேறு குறிகளும் கலந்த குப்பைதான் தெரியும். அப்படிப்பட்ட பழைய ஃபாண்ட் ஒன்றை உரிமத்தோடு வைத்திருப்பவர், என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற விலையில்லா மாற்றியில் யூனிகோட் சொல்லை அந்தக் குறியீட்டுக்கு மாற்றி இங்க்ஸ்கேப்பில் ஒட்டி, உடனே கர்வ் போட்டுவிடலாம்.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் புழங்கும் ‘ஃபேன்சி டெக்ஸ்ட்’ தளங்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். அவை தருவது ஃபாண்ட் அல்ல. கணித நூல்களுக்காக 2001இல் யூனிகோடில் சேர்த்த, தடித்ததும் சாய்ந்ததுமான ஆங்கில எழுத்துக் குறிகள். தமிழுக்கு அப்படி ஒரு தொகுதி இல்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்கள் அந்தக் குறிகளைச் சொல்லாகப் படிக்கத் திணறும்.

காகிதத்தில் எழுதி வருடுதல்

ஃபாண்ட் பற்றாக்குறைக்குத் தமிழில் எப்போதும் ஒரு மாற்று இருந்து வந்துள்ளது: கையால் எழுதுவது. வார இதழ்களில் சிறுகதைத் தலைப்புகளை ஓவியர்கள் எழுதிய காலத்தில் ஒவ்வொரு தலைப்பும் ஒரு தனி ஃபாண்ட். திரைப்படப் பெயர்களும் சுவர் விளம்பரங்களும் அப்படித்தான் பிறந்தன. அந்த மரபை இலவச மென்பொருள் எளிதாகத் தாங்கும் என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி.

வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் தூரிகையிலோ பட்டை நிப்பிலோ பெயரை எழுத வேண்டும். ஒரே தாளில் பல முறை எழுதி நல்லதைப் பொறுக்குவது வழக்கம். ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் எடுக்கலாம். கைபேசியில் எடுத்தால் நிழல் விழாத பகல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஜிம்ப்பில் வெளிறிய சாம்பல் நிறங்களை நீக்கி, கறுப்பு முழுக் கறுப்பாகவும் வெள்ளை முழு வெள்ளையாகவும் ஆகும்படி அளவுகளைத் தள்ளிவிட்டு, படத்தை இங்க்ஸ்கேப்புக்குக் கொண்டுபோனால், ‘டிரேஸ் பிட்மேப்’ கட்டளை அதை வெக்டராக்கிவிடும். பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் என்ற நிரல் அந்த வேலையைச் செய்கிறது. கிடைத்த வடிவத்தில் தேவையற்ற முனைப்புள்ளிகள் குவிந்திருக்கும்; ‘சிம்ப்ளிஃபை’ கட்டளையை ஓரிரு முறை மட்டும் கொடுக்கலாம். மேலும் கொடுத்தால் தூரிகையின் உயிர் போய் எழுத்து சோப்புக் கட்டியாக வழுவழுத்துவிடும். சிறு வெள்ளைத் துளைகளையும் மைத் தெறிப்புகளையும் கையால் அழிப்பதே நல்லது.

இந்த வழியில் ஃபாண்ட் உரிமம் பற்றிய கேள்வியே எழாது. பக்கத்துக் கடையின் லோகோவைப் போல இருக்குமோ என்ற அச்சமும் குறைவு. படம் வரையும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இதற்கு மாற்றாகப் பேசப்படுகின்றன. அவை எழுத்தைத் தட்டச்சு செய்வதில்லை, படமாகக் கற்பனை செய்கின்றன. ஆங்கிலத்தில் ஓரளவு தேறினாலும் தமிழில் இல்லாத சுழிகளையும் தொங்கும் கொம்புகளையும் அவை உருவாக்குவது சகஜம். கிடைப்பதும் பெரும்பாலும் பிக்சல் படமே.

உலாவியிலும் கைபேசியிலும்

எதையும் நிறுவ விரும்பாதோருக்கு உலாவியில் ஓடும் கருவிகள் உண்டு. ஐவன் குட்ஸ்கிர் உருவாக்கிய போட்டோபியா, போட்டோஷாப்பின் கோப்புகளைத் திறந்து திருத்தும். விளம்பரம் காட்டுவதைத் தவிர வேறு விலை கேட்பதில்லை. வடிவமைப்பாளர் அனுப்பிய போட்டோஷாப் கோப்பில் ஒரு தேதியை மாற்ற வேண்டும் என்ற அவசரத்துக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

கேன்வாவின் பலம் வார்ப்புருக்களில் இருக்கிறது. அழைப்பிதழும் சுவரொட்டியும் அரை மணி நேரத்தில் தயாராகிவிடும். லோகோவுக்கு அதை நம்புவதில் இரண்டு தடைகள். இலவசக் கணக்கில் எஸ்விஜியாகவோ, பின்னணி இல்லாத பிஎன்ஜியாகவோ இறக்க முடியாது. அதைவிடப் பெரியது, வார்ப்புருவிலுள்ள படங்கள் எல்லாருக்கும் பொது. அவற்றை வைத்துச் செய்த லோகோவை வணிகச்சின்னமாகப் பதிவுசெய்ய அந்தத் தளத்தின் விதிகளே இடம் தருவதில்லை. ‘லோகோ மேக்கர்’ என்ற பெயரில் உள்ள தளங்கள் பலவற்றில் வரைவதுவரை இலவசம். இறக்கும்போதுதான் விலைப்பட்டியல் தலைகாட்டும்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் தமிழ்ச் சுவரொட்டி செய்வோரிடையே பிக்சல்லேப் பரவலாகப் புழங்குகிறது. வெளியிலிருந்து ஃபாண்ட் சேர்க்கலாம். முப்பரிமாண எழுத்து, நிழல், ஓரம் எல்லாம் விரல் நுனியில் கிடைக்கும். ஊர்த் திருவிழாப் பதாகையின் மாதிரியைப் பேருந்தில் போகும்போதே செய்து அனுப்பிவிடுகிறார்கள். வெளிவருவது பிக்சல் படம் என்பதால் தொடக்கத்திலேயே பெரிய அளவைத் தேர்ந்துவிட வேண்டும். சிறிதாகச் செய்து, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிய பிறகு ஃபிளெக்ஸ் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காது.

அச்சகத்துக்கும் பதிவகத்துக்கும்

விலையில்லா மென்பொருளில் செய்த வேலை கடைசியில் கோரல்டிரா வைத்திருக்கும் ஓர் அச்சகத்தின் கணினியில்தான் திறக்கப்படும். அங்கே தகராறு வராமலிருக்க எழுத்து முழுவதையும் கர்வ் போட்டு, பிடிஎஃப் ஆகவும் எஸ்விஜி ஆகவும் கொடுப்பது பாதுகாப்பு. இங்க்ஸ்கேப் திரைக்குரிய ஆர்ஜிபி வண்ணத்தில் வேலை செய்கிறது. ஆஃப்செட் அச்சுக்கு நான்கு மையின் சிஎம்ஒய்கே தேவை. திரையில் மின்னும் பச்சை தாளில் மங்கி வருவது இதனால்தான். வண்ணம் துல்லியமாக வேண்டுமானால் லோகோவை ஸ்கிரைபஸில் இறக்கி, நிறங்களை சிஎம்ஒய்கே அளவில் வரையறுத்து, அங்கிருந்து பிடிஎஃப் எடுக்கலாம். பக்க வடிவமைப்புக்கான அந்த மென்பொருள் 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸ் வழியாகத் தமிழைக் கோக்கிறது. 2024 ஜனவரியில் வந்த 1.6 அந்த வசதியை நிலையான பதிப்புக்குக் கொண்டுவந்தது. ஃபிளெக்ஸுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

லோகோவைத் தெரிந்தவர் ஒருவர் வரைந்து கொடுத்திருந்தால், உரிமையை எழுத்தில் வாங்கிவைப்பது அவசியம். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் கையெழுத்திட்ட ஆவணமாக இருந்தால்தான் செல்லும். கைமாறிய பணமோ வாய்ச்சொல்லோ போதாது. வணிகச்சின்னப் பதிவு 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சின்னத்தின் படம் 8 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்க வேண்டும். வண்ண வரம்பு எதுவும் குறிப்பிடாமல் பதிவான சின்னம் எல்லா வண்ணங்களுக்கும் பதிவானதாகவே சட்டம் கொள்கிறது. அதனால் விண்ணப்பத்தோடு பலர் இணைப்பது கறுப்பு வெள்ளைப் படத்தைத்தான்.